பிடுங்குவதா, காப்பாற்றுவதா?

விரிசல் விட்ட பல்லுக்கு இரண்டு டாக்டர்கள் இரண்டு தீர்ப்பு சொல்லக்கூடும். வித்தியாசம் சில மில்லிமீட்டரில் இருக்கிறது. அதை அளந்து பார்க்காமல் முடிவெடுப்பதுதான் பிரச்னை.

வறுத்த கொண்டைக்கடலைக்கு நடுவே ஒன்று மட்டும் கல் மாதிரி இருந்தது. கீழ்த்தாடையின் வலது பக்கக் கடைவாய்ப் பல்லில் அது சிக்கியபோது 'டக்' என்று ஒரு சத்தம். வலி கடித்தபோது வரவில்லை. வாயைத் திறந்தபோதுதான் வந்தது. மின்சாரம் பாய்ந்ததுபோல ஒரு கணம், அவ்வளவுதான். அதன் பிறகு ஒன்றுமில்லை.

புனேயில் அலுவலக வேலை பார்க்கும் 48 வயதுப் பெண் ஒருவருக்கு இது நடந்ததாக வைத்துக்கொள்ளலாம். ஊரையும் வயதையும் சற்றே மாற்றிப் போட்டால் நாட்டின் எந்த பல் கிளினிக்குக்கும் பொருந்தும் கதை இது. அவர் மூன்று மாதம் இடது பக்கமாகவே மென்று காலம் தள்ளினார். குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீரென்றது. சப்பாத்தி மென்றால் வலிக்கவில்லை. அதனுள் ஒரு சீரகம் சிக்கினால் உயிர் போயிற்று. எந்தப் பல் என்று விரல் வைத்துக் காட்டவும் முடியவில்லை. மேலா, கீழா என்பதே சந்தேகமாக இருந்தது.

கடைசியில் டாக்டரிடம் போனார். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. சொத்தை இல்லை, சீழ் இல்லை. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வைத்த பெரிய வெள்ளி அடைப்பு மட்டும் பளிச்சென்று இருந்தது. முதல் கிளினிக்கின் முடிவு: பல் பிளந்துவிட்டது, பிடுங்கிவிட்டு செயற்கை வேர் பொருத்திக்கொள்வதே நல்லது. இரண்டாவது கிளினிக்கின் முடிவு: காப்பாற்ற முடியலாம், ஆனால் திறந்து பார்க்காமல் உறுதி சொல்ல முடியாது. முதல் டாக்டர் தயங்காமல் பேசினார். இரண்டாமவர் தயங்கினார். நோயாளிகள் பெரும்பாலும் தயங்காதவரைத்தான் நம்புவார்கள். விரிசல் விட்ட பல் விஷயத்தில் அது சரியான அளவுகோல் அல்ல.

ஒட்டாத உடைசல்

எலும்பு முறிந்தால் கட்டுப் போட்டு ஆறவைக்கலாம். எலும்பில் உயிரணுக்கள் உண்டு. அவை புது எலும்பை உருவாக்கி முறிவை இணைத்துவிடும். பல்லுக்கு அந்த வசதி இல்லை. மேல்தோடான எனாமல் உடலிலேயே மிகக் கடினமான பொருள். அதில் சுமார் 96 சதவீதம் தாதுப்பொருள். பல் முளைத்து வெளியே வருவதற்குள் எனாமலை உருவாக்கிய அணுக்கள் மறைந்துவிடுகின்றன. எனவே ஒருமுறை விழுந்த விரிசல் தானாக ஒட்டுவதில்லை. அதைக் கட்டுப்படுத்தலாம், பரவாமல் தடுக்கலாம், ஆற்ற முடியாது.

எனாமலுக்குக் கீழே இருப்பது டென்டின். அதில் ஆயிரக்கணக்கான நுண்குழாய்கள், அவற்றுக்குள் திரவம். அதற்கும் உள்ளே நரம்பும் ரத்தக் குழாய்களும் கொண்ட பற்கூழ். கடிக்கும்போது விரிசலின் இரு பக்கங்களும் சற்றே விலகுகின்றன. கடியை விட்டதும் சட்டென்று மூடிக்கொள்கின்றன. அந்த அசைவில் குழாய்த் திரவம் நகர்ந்து நரம்பைச் சுண்டிவிடுகிறது. கடியை விடும்போது வலிப்பதற்கு டாக்டர்கள் தரும் விளக்கம் இதுதான். சொத்தைப் பல்லின் வலியிலிருந்து இதைப் பிரித்துக் காட்டும் முக்கியமான அடையாளமும் இதுவே.

வலிக்கும் பல்லைக் காட்ட முடியாததற்கும் காரணம் உண்டு. பற்கூழின் நரம்புக்கு வலியை உணரத்தான் தெரியும், இடத்தைச் சொல்லத் தெரியாது. பல்லைச் சுற்றியுள்ள சவ்வு வரை அழற்சி பரவிய பிறகுதான் நோயாளியால் 'இதுதான்' என்று தொட்டுக் காட்ட முடிகிறது. அதற்குள் பல நேரங்களில் காலம் கடந்துவிடுகிறது.

இந்தக் குழப்பமான அறிகுறிகளுக்கு 'விரிசல் பல் நோய்க்குறித் தொகுதி' என்ற பொருளில் ஒரு பெயர் சூட்டியவர் அமெரிக்க பல் டாக்டர் கேமரான். அது 1964-ல். எக்ஸ்ரேயில் தெரியாத, நோயாளியால் சரியாக விவரிக்க முடியாத ஒரு வலிக்குப் பெயர் கிடைத்ததே பெரிய உதவி. அதுவரை இப்படிப்பட்ட நோயாளிகளில் சிலர் காது வலி, தலைவலி, நரம்பு வலி என்று பல டாக்டர்களிடம் அலைந்தார்கள். இன்றும் அலைபவர்கள் உண்டு.

யாருக்கு வருகிறது?

பெரும்பாலும் 40 வயதைத் தாண்டியவர்களுக்கு. அதிகம் பாதிக்கப்படுவது கீழ்த்தாடைக் கடைவாய்ப் பற்கள். தாடை கத்தரிக்கோல் மாதிரி வேலை செய்கிறது. மூட்டுக்கு அருகே இருக்கும் பல்லின் மீது அழுத்தம் அதிகம். ஆரோக்கியமான ஒருவர் முழு பலத்தோடு கடித்தால் கடைவாய்ப் பற்களின் மீது 50 முதல் 70 கிலோ எடைக்குச் சமமான விசை விழும். ஆண்டுக்கணக்கில் இப்படி அடி வாங்கும் பல் ஒரு நாள் விட்டுக்கொடுக்கிறது. கடலையோ எலும்போ கடைசி அடியைத்தான் கொடுக்கிறது.

பழைய பெரிய அடைப்புகள் அடுத்த காரணம். சொத்தையை நீக்கி நடுவில் பள்ளம் தோண்டி அடைத்த பல்லில் சுற்றுச்சுவர்கள் மெலிந்துவிடுகின்றன. நடுவில் ஆப்பு அடித்த மரக்கட்டை மாதிரி அது பிளப்பதற்குத் தயாராக நிற்கிறது. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பது மூன்றாவது காரணம். பகலில் உணவு இடையே இருப்பதால் பல்லோடு பல் நேரடியாக மோதுவது குறைவு. இரவில் அந்தப் பாதுகாப்பு இல்லை.

நம் நாட்டில் இவற்றோடு சேர்வது பழக்கவழக்கம். குஜராத்திலிருந்து அசாம் வரை கொட்டைப்பாக்கை நாள் முழுக்க மெல்பவர்கள் கோடிக்கணக்கில். ஆட்டெலும்பை உடைத்து மஜ்ஜை உறிஞ்சுவது, ஐஸ் கட்டியைக் கடிப்பது, சோடா மூடியைப் பல்லால் திறப்பது, கெட்டியான கடலை மிட்டாய் என்று பட்டியல் நீள்கிறது. பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் என்பது பலருக்குத் தெரியும். அது பல்லைத் தேய்ப்பதும் உடைப்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

மன அழுத்தத்துக்கும் இதில் பங்கு இருக்கிறது. 2020-ல் கொரோனா ஊரடங்குக்குப் பிறகு கிளினிக்குகள் திறந்தபோது, விரிசல் விட்ட பற்களோடு வருவோர் எண்ணிக்கை கூடியதாகப் பல நாட்டு டாக்டர்கள் கூறினார்கள். 2021-ல் அமெரிக்க பல் மருத்துவ சங்கம் எடுத்த கணக்கெடுப்பில் பதில் சொன்ன டாக்டர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் இதையே தெரிவித்தார்கள். கவலை, சரியான தூக்கமின்மை, சாய்ந்து உட்கார்ந்து கம்ப்யூட்டர் பார்ப்பது எல்லாம் சேர்ந்து தாடையை இறுக்கியதாக விளக்கம் தரப்பட்டது.

ஐந்து வகை, ஐந்து விதி

விரிசல் என்ற ஒரே சொல்லுக்குள் ஐந்து வேறு வேறு விஷயங்கள் அடங்கியுள்ளன. வேர் சிகிச்சை நிபுணர்களின் அமெரிக்க சங்கம் வகுத்த இந்தப் பிரிவினையையே இந்திய பல் மருத்துவக் கல்லூரிகளிலும் கற்பிக்கிறார்கள். நோயாளி கேட்க வேண்டிய முதல் கேள்வி 'விரிசலா?' என்பதல்ல, 'எந்த வகை விரிசல்?' என்பதுதான்.

முதலாவது, எனாமலோடு நின்றுவிடும் மயிரிழைக் கோடு. வயது வந்த எல்லோர் வாயிலும் இது இருக்கும். வலி கிடையாது, சிகிச்சையும் தேவையில்லை. வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று இதைப் பார்த்துவிட்டு பயந்து ஓடி வருபவர்களை டாக்டர்கள் சமாதானப்படுத்தி அனுப்புகிறார்கள்.

இரண்டாவது, பல்லின் மெல்லும் பரப்பில் உள்ள முகடுகளில் ஒன்று உடைவது. பழைய அடைப்பின் ஓரத்தில் இது அதிகம். துண்டு விழுந்துவிட்டால் வலியும் போய்விடும். பற்கூழ் வரை போவது அபூர்வம். அடைப்பை மாற்றி, மேலே உறை போட்டால் பல் பிழைத்துவிடும்.

மூன்றாவதுதான் சிக்கலானது. மெல்லும் பரப்பில் தொடங்கி கீழ்நோக்கி இறங்கும், ஆனால் பல்லை இன்னும் இரண்டாகப் பிரிக்காத விரிசல். எனாமல், டென்டின், பற்கூழ், வேர் என்று இது எதுவரையும் போயிருக்கலாம். 'காப்பதா, எடுப்பதா' என்ற வாதமெல்லாம் இந்த வகையைப் பற்றித்தான்.

நான்காவது, மூன்றாவதைக் கவனிக்காமல் விட்டதன் முடிவு. பல் இரண்டாகப் பிளந்து, இரு துண்டுகளும் தனித்தனியே அசையும். முழுப் பல்லைக் காப்பாற்ற வழியில்லை. பிளவு மேலாக நின்றிருந்தால் அபூர்வமாகப் பெரிய துண்டை மட்டும் வைத்துக்கொள்ள முடிகிறது.

ஐந்தாவது, வேரிலிருந்து மேல்நோக்கி வரும் செங்குத்துப் பிளவு. ஏற்கெனவே வேர் சிகிச்சை செய்த பல்லில்தான் பெரும்பாலும் வருகிறது. பெரிய வலி இருக்காது. ஈறில் சிறு கொப்புளம் தோன்றித் தோன்றி மறையும். நோயாளி அதை 'சூட்டுக் கொப்புளம்' என்று விட்டுவிடுவார். ஒற்றை வேர்ப் பல்லானால் எடுப்பது ஒன்றே வழி. பல வேர்கள் உள்ள பல்லில், கெட்ட வேரை மட்டும் வெட்டியெடுத்து மற்றதைக் காப்பது சில சமயம் சாத்தியம்.

முதல் இரண்டுக்குப் பல்லை எடுக்கத் தேவையில்லை. கடைசி இரண்டிலும் எடுப்பதைத் தவிர பெரும்பாலும் வழியில்லை. இடையில் உள்ள ஒன்றில்தான் டாக்டரின் திறமையும் நேர்மையும் பரிசோதனைக்கு உள்ளாகின்றன.

எக்ஸ்ரே ஏன் கைவிடுகிறது?

படத்தில் விரிசல் தெரியாததற்கு இயந்திரத்தின் மீது பழி போட முடியாது. கடைவாய்ப் பல்லில் விரிசல் பெரும்பாலும் முன்பக்கமிருந்து பின்பக்கமாக ஓடுகிறது. எக்ஸ்ரே கதிரோ கன்னத்தின் பக்கமிருந்து நாக்கின் பக்கமாகப் போகிறது. கண்ணாடிப் பலகையை நேருக்கு நேர் பார்த்தால் கண்ணில் படாது, விளிம்பைப் பார்த்தால்தான் இருப்பது தெரியும். அதே கதைதான். பெருநகரங்களில் இப்போது பரவலாகக் கிடைக்கும் முப்பரிமாண ஸ்கேனும் முழுத் தீர்வல்ல. அதன் கண்ணுக்குத் தப்பும் அளவுக்கு விரிசல்கள் மெல்லியவை. விரிசலைச் சுற்றி எலும்பு கரைந்திருந்தால் அதைக் காட்டும். விரிசலையே காட்டும் என்று நம்பக்கூடாது.

எனவே பழைய எளிய முறைகளுக்கே மதிப்பு. டாக்டர் ஒரு சிறு பிளாஸ்டிக் கட்டையையோ மரக்குச்சியையோ ஒவ்வொரு முகட்டின் மீதும் வைத்துக் கடிக்கச் சொல்வார். எந்த முகட்டில் கடித்து விடும்போது சுரீரென்கிறதோ அங்கே விரிசல். குளிர்ந்த பஞ்சை வைத்து, வலி எத்தனை நொடி நீடிக்கிறது என்று பார்ப்பார். பலமான விளக்கைப் பல்லின் பக்கவாட்டில் பிடிப்பார். விரிசல் இருந்தால் ஒளி அந்த இடத்தில் நின்று, மறுபக்கம் இருண்டுவிடும். பழைய அடைப்பை நீக்கிவிட்டு மெத்திலின் புளூ என்ற நீலச் சாயம் தடவுவதும் உண்டு. சாயம் விரிசலுக்குள் இறங்கிக் கோடாகத் தெரியும். நுண்ணோக்கி இருந்தால் கோடு எங்கே போய் நிற்கிறது என்பதையும் பின்தொடரலாம்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான கருவி, மில்லிமீட்டர் கோடுகள் போட்ட மழுங்கிய ஒரு கம்பி. அதைப் பல்லுக்கும் ஈறுக்கும் இடையே மெதுவாக இறக்கிச் சுற்றிலும் அளப்பார்கள். ஆரோக்கியமான ஈறில் அது 1 முதல் 3 மி.மீ. வரை இறங்கும். சுற்றிலும் 3 மி.மீ. ஆக இருந்து, ஓரிடத்தில் மட்டும் குறுகலாக 7, 8 மி.மீ. ஆழம் போனால் அது அபாய அறிவிப்பு. விரிசல் வேரின் வழியாக இறங்கி, கிருமிகள் அதன் வழியே எலும்பைத் தின்றிருக்கக்கூடும் என்று பொருள். இந்த அளவுக்கு ஆகும் நேரம் இரண்டு நிமிடம். பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஆனாலும் அவசரத்தில் முதலில் விடுபடுவது இதுதான்.

எண்கள் சொல்வது

விரிசல் பல்லைக் காப்பாற்றுவது வீண் செலவு என்ற எண்ணம் பொதுமக்களிடம் மட்டுமல்ல, டாக்டர்கள் சிலரிடமும் உண்டு. ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை. சிங்கப்பூரில், விரிசலோடு வேர் சிகிச்சை செய்த 50 பற்களைப் பின்தொடர்ந்து 2006-ல் வெளியான ஆய்வில், இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு சுமார் 85 சதவீதம் பற்கள் வாயிலேயே இருந்தன. தென்கொரியாவில் 175 விரிசல் பற்களை ஆராய்ந்து 2016-ல் வெளியான ஆய்வில், வேர் சிகிச்சை செய்தவற்றில் 90 சதவீதம் இரண்டு ஆண்டுகளைத் தாண்டின. பல்லின் விதியை நிர்ணயித்த முக்கிய அம்சம் எது என்று பார்த்தபோது, அது அந்தக் கம்பி காட்டிய ஆழம்தான். 6 மி.மீ.க்கு மேல் போன பற்கள் அதிகம் தோற்றன.

சிங்கப்பூர் ஆய்வு இன்னும் இரண்டு எச்சரிக்கைகளைச் சேர்த்தது. ஒரே பல்லில் பல விரிசல்கள் இருந்தாலும், பல் வரிசையில் கடைசிப் பல்லாக இருந்தாலும் வாய்ப்பு குறைகிறது.

பற்கூழ் இன்னும் பிழைத்திருக்கும் நிலையில் வந்தவர்களுக்கு நிலைமை இன்னும் நல்லது. அமெரிக்காவில் 2007-ல் வெளியான ஆய்வில் இப்படிப்பட்ட 127 பற்களுக்கு வேர் சிகிச்சை இல்லாமல் வெறும் கேப் மட்டும் போட்டார்கள். ஆறு மாதத்துக்குள் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுக்கு வேர் சிகிச்சை தேவைப்பட்டது. மற்றவை கேப்போடு தப்பின. அதாவது, சீக்கிரம் வந்தால் ஐந்தில் நான்கு பேர் கேப் செலவோடு முடித்துக்கொள்ளலாம். ஐந்தாமவர் அதற்கு மேல் வேர் சிகிச்சைக்கும் தயாராக இருக்க வேண்டும்.

இந்த எண்களுக்கும் எல்லை உண்டு. பெரும்பாலானவை இரண்டு, மூன்று ஆண்டுக் கணக்குகள். காப்பாற்றப்பட்ட விரிசல் பல்லுக்கு ஆயுள் உத்தரவாதம் யாராலும் தர முடியாது.

படிப்படியாக ஒரு முடிவு

நிதானமான டாக்டர் ஒரே நாளில் தீர்ப்பு சொல்வதில்லை. முதலில் பல்லைச் சுற்றி மெல்லிய எஃகு வளையம் மாட்டுவார், அல்லது தற்காலிகக் கேப் போடுவார். உடைந்த பீப்பாய்க்கு இரும்பு வளையம் போடுவது மாதிரி. சில வாரங்களில் வலி முழுவதும் போய்விட்டால் பற்கூழ் பிழைத்துக்கொண்டது என்று அர்த்தம். நிரந்தரக் கேப் போதும். சூடான டீ குடித்த பிறகு வலி நிமிடக்கணக்கில் நீடித்தால், இரவில் தானாக வலி எழுப்பினால், பற்கூழ் மீளாது. வேர் சிகிச்சை தேவை.

வேர் சிகிச்சைக்காகப் பல்லைத் திறக்கும்போதுதான் உண்மை தெரிகிறது. பற்கூழ் இருந்த அறையின் சுவரோடு விரிசல் நின்றிருந்தால் தொடரலாம். அறையின் தரையைக் குறுக்கே கடந்து மறுபக்கம் போயிருந்தால் பெரும்பாலும் அதோடு நிறுத்திவிட்டு எடுப்பதே நல்லது. கிருமி புகும் வழியை அதன் பிறகு அடைக்க முடியாது.

சட்டம் நுழையும் இடமும் இதுதான். மருத்துவச் சேவையை நுகர்வோர் சட்டத்தின் கீழ் உச்ச நீதிமன்றம் கொண்டுவந்தது 1995-ல். ஒரு சிகிச்சைக்கு நோயாளி தந்த சம்மதம் வேறொரு சிகிச்சைக்குச் செல்லாது என்று, அவசர நிலைமைகளைத் தவிர்த்து, அதே நீதிமன்றம் 2008-ல் தெளிவாக்கியது. பல்லைக் காப்பாற்ற சம்மதித்து நாற்காலியில் சாய்ந்தவர், பல் இல்லாமல் எழுந்தால் அது வழக்குக்கு உரிய விஷயம். எனவே 'திறந்த பிறகு இப்படி இருந்தால் என்ன செய்வோம்' என்ற பேச்சு, ஊசி போடுவதற்கு முன்பே நடந்தாக வேண்டும்.

பணம் எடுக்கும் முடிவு

நடைமுறையில் பல பற்களின் விதியை மில்லிமீட்டர் தீர்மானிப்பதில்லை, ரூபாய்தான் தீர்மானிக்கிறது. நகரத்துத் தனியார் கிளினிக்கில் ஒரு பல்லைப் பிடுங்க சுமாராகச் சில நூறு ரூபாயிலிருந்து ரூ. 2,000 வரை ஆகும். வேர் சிகிச்சையும் கேப்பும் சேர்ந்தால் ரூ. 8,000-லிருந்து ரூ. 20,000 வரை. தாடை எலும்பில் உலோக வேர் பதித்துப் புதுப் பல் கட்டுவது ரூ. 25,000-லிருந்து ரூ. 50,000 வரையும் அதற்கு மேலும் போகிறது. விபத்தில் அடிபட்டால் தவிர, பெரும்பாலான சாதாரண மருத்துவ இன்ஷூரன்ஸ் திட்டங்கள் பல் சிகிச்சைக்குப் பணம் தருவதில்லை.

மாதச் சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்குப் பிடுங்குவது மலிவாகத் தெரிவதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் கணக்கு அதோடு முடிவதில்லை. காலியான இடத்தை நோக்கிப் பக்கத்துப் பற்கள் சாய்கின்றன. எதிர்ப் பல் இறங்கி வருகிறது. மெல்லும் பாரம் மிச்சமுள்ள பற்களின் மீது விழுகிறது. அவற்றில் ஏதேனும் ஒன்றில் அடுத்த விரிசல்.

எதிர்ப்பக்கத் தவறும் நடக்கிறது. ஏற்கெனவே பிளந்துபோன பல்லுக்கு வேர் சிகிச்சை செய்து, கேப் போட்டு, ஆறு மாதத்தில் அதே பல்லை எடுத்து, பிறகு செயற்கை வேருக்கும் பணம் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பிளவின் வழியே தொற்று நீடிக்கும் காலமெல்லாம் எலும்பு கரைந்துகொண்டே போகும். தாமதித்து எடுத்தால் உலோக வேரைப் பதிக்கவே போதிய எலும்பு இல்லாமல் போகலாம். அந்த நிலையில் பல்லை எடுக்கச் சொல்வதுதான் நோயாளிக்குச் செய்யும் உதவி.

மூன்றாவது தவறு மிகச் சாதாரணமானது. வேர் சிகிச்சை முடிந்ததும் வலி போய்விடுகிறது. கேப்புக்கு மீண்டும் பணம் வேண்டும். 'அடுத்த மாதம் பார்க்கலாம்' என்று நோயாளி மறைந்துவிடுகிறார். வேர் சிகிச்சை செய்த, மேலே உறையில்லாத கடைவாய்ப் பல் சுலபமாகப் பிளக்கும். அப்படிக் கேப் போடாமல் விட்ட பற்கள், போட்டவற்றைவிட ஆறு மடங்கு வேகத்தில் இழக்கப்பட்டதாக 2002-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வு காட்டியது. பணம் பற்றாக்குறை என்றால் விலை குறைந்த உலோகக் கேப் போட்டுக்கொள்ளலாம். பல்லின் நிறத்தில் இருக்காது, ஆனால் வேலை செய்யும். கடைவாய்ப் பல்லை யாரும் பார்க்கப் போவதில்லை.

இன்னொரு வழியும் இருக்கிறது. நாட்டின் முதல் பல் மருத்துவக் கல்லூரி 1920-ல் கல்கத்தாவில் டாக்டர் ரபியுதீன் அகமது தொடங்கியது. இன்று நாடெங்கும் 300-க்கும் மேற்பட்ட கல்லூரிகள். இவற்றின் மருத்துவமனைகளில் வேர் சிகிச்சைக்குத் தனித் துறை உண்டு. பட்டமேற்படிப்பு மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் செய்கிறார்கள். கட்டணம் தனியாரைவிட வெகு குறைவு. விலை, காத்திருக்கும் நேரம்: நான்கைந்து முறை போக வேண்டியிருக்கும். தினக்கூலிக்காரருக்கு அதுவும் ஒரு செலவுதான். கிராமப்புற அரசு மருத்துவமனைகளில் பல் டாக்டர் இருந்தாலும் வேர் சிகிச்சைக்கும் கேப்புக்கும் வசதி எல்லா இடத்திலும் இல்லை. அங்கே காப்பாற்றக்கூடிய பல்லும் பிடுங்கப்படுகிறது.

அந்தப் பல் என்னவாயிற்று?

புனே பெண்ணின் பல்லைச் சுற்றிக் கம்பி எங்கும் 3 மி.மீ.க்கு மேல் இறங்கவில்லை. பழைய அடைப்பை எடுத்துச் சாயம் தடவியபோது பின்பக்கச் சுவரில் ஒரு நீலக்கோடு தெரிந்தது. வளையம் மாட்டி மூன்று வாரம் பார்த்தார்கள். கடிக்கும் வலி நின்றது, டீக்குப் பிறகு வலி மட்டும் நீடித்தது. சம்மதப் படிவத்தில் இரண்டு சாத்தியங்களையும் எழுதி, படித்துக் காட்டிய பிறகு பல்லைத் திறந்தார்கள். கோடு அறையின் தரைக்குச் சற்று மேலேயே நின்றிருந்தது. வேர் சிகிச்சை முடிந்தது, அடுத்த வாரமே கேப் போட்டார்கள். இரவில் போட்டுக்கொள்ள ஒரு பாதுகாப்புத் தகடும் தந்தார்கள்.

விரிசல் இரண்டு மில்லிமீட்டர் கீழே போயிருந்தால் முதல் கிளினிக்கின் முடிவே சரியாகியிருக்கும். அங்கே நடந்த தவறு, பிடுங்கச் சொன்னது அல்ல, அளக்காமல் சொன்னது. வலியைப் பொறுத்துக்கொண்டு அவர் கழித்த மூன்று மாதங்களில் அந்தக் கோடு எவ்வளவு தூரம் இறங்கியது என்று யாராலும் சொல்ல முடியாது. முதல் வாரமே வந்திருந்தால் ஒருவேளை கேப்போடு முடிந்திருக்கும்.

டாக்டர் அவருடைய அட்டையில் 'எதிர்காலம் நிச்சயமில்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கவும்' என்று எழுதியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் அதே கம்பியால் அதே இடத்தை அளப்பார்கள். இதுவரை 3 மி.மீ.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை

* விரிசல் எந்த வகை? எதை வைத்து அப்படிச் சொல்கிறீர்கள்?
* ஈறின் ஆழத்தைச் சுற்றிலும் அளந்தீர்களா? எங்காவது 6 மி.மீ.க்கு மேல் போகிறதா?
* பற்கூழ் பிழைக்குமா? வளையமோ தற்காலிகக் கேப்போ போட்டுச் சில வாரம் பார்க்கலாமா?
* பல்லைத் திறந்த பிறகு விரிசல் தரைவரை போயிருந்தால் என்ன செய்வீர்கள்? அதுவரையிலான செலவு எவ்வளவு?
* கேப் வரை சேர்த்து மொத்தச் செலவு எவ்வளவு? எடுத்தால், அந்த இடத்தை நிரப்ப எவ்வளவு?
* பல்லை எடுப்பதை ஒரு வாரம் தள்ளிப்போட்டு வேர் சிகிச்சை நிபுணர் ஒருவரைப் பார்க்க முடியுமா?

முகத்தில் வீக்கம், காய்ச்சல், வாய் திறக்க முடியாமை, விழுங்குவதில் சிரமம் இருந்தால் இந்தக் கேள்விகளுக்கெல்லாம் காத்திருக்கக் கூடாது. அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும்.